பயன்படாத காகிதங்களின் பட்டியல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தமிழ்நாடு காவல்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை ஸ்டேஷன் ரைட்டராகக் கழித்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். சட்டம் படித்த என் மகள் திருமணத்துக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறி, சென்ற ஆண்டு முதல் அங்கே ஒரு காவல்துறையில் சீருடை இல்லாத பணியாளராக, 'டிஸ்க்ளோஷர் ஆபீசர்' என்ற பதவியில் இருக்கிறாள். கொலை, பெரிய மோசடி போன்ற வழக்குகளில் போலீஸ் சேகரித்து, வழக்கில் சேர்க்காமல் விட்டவற்றையெல்லாம் படித்துப் பட்டியலிட்டு, எதிரிக்குச் சாதகமானவற்றைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்கிறாள். எங்கள் காலத்தில் சி.டி. ஃபைலை, அதாவது வழக்கு நாட்குறிப்பை, எதிரியின் வக்கீல் கண்ணில் காட்டியதே இல்லை. போலீஸ் சம்பளத்தை வாங்கிக்கொண்டு எதிரிக்கு வேலை செய்வது என்ன நியாயம்? சட்டம் படித்தவள் குமாஸ்தாவைப் போலப் பட்டியல் எழுதுவது வீண் இல்லையா? அவளைக் கேட்டால் 'அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா' என்று பேச்சை முடித்துவிடுகிறாள். நீங்கள் அதே வேலையைப் பார்த்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற காவலர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் 'எதிரி' என்ற சொல்லைப் படித்ததும் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நம் ஊர் வழக்குக் கட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். எழுதுகிறவர் யாரும் பகையை நினைத்து எழுதுவதில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை முப்பது ஆண்டுகள் எழுதிய கைக்கு உங்கள் மகளின் வேலை விசித்திரமாகத் தெரிவதில் வியப்பில்லை. சட்டமும் உங்கள் பக்கம்தான் இருந்தது. வழக்கு நாட்குறிப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டுப் பெற முடியாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172ஆம் பிரிவு சொன்னதையே புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 192ஆம் பிரிவும் சொல்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை வேறு. 1996ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை மற்றும் புலனாய்வுச் சட்டமும் அதன்கீழ் வந்த நடைமுறை விதித்தொகுப்பும் புலனாய்வாளர் மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றன: சந்தேக நபரை நோக்கிப் போகிற தடமானாலும், அவரை விட்டு விலகிப் போகிற தடமானாலும், நியாயமான எல்லாத் தடங்களையும் அவர் பின்தொடர வேண்டும். அப்படிச் சேர்ந்தவற்றில் வழக்குக்குப் பயன்படுத்தாத எதுவாயினும், அது அரசுத் தரப்பு வழக்கைப் பலவீனப்படுத்தவோ குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்புக்கு உதவவோ கூடும் என்று நியாயமாகக் கருத இடமிருந்தால், அதை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் எதுவும் இல்லை. வீட்டைச் சோதனையிடவும், வங்கிக் கணக்கைத் திறக்கவும், செல்பேசிக் கோபுரத்தின் பதிவுகளை வரவழைக்கவும் காவல்துறைக்கு இருக்கிற அதிகாரமும் பணமும் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்குரைஞருக்குக் கிடையாது. பொதுமக்கள் பணத்தில், பொது அதிகாரத்தைக் கொண்டு திரட்டியவற்றைக் காவல்துறை தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே உங்கள் மகள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வேலை செய்யவில்லை. தன் அலுவலகத்தின் அலமாரியில் என்ன இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதித் தருகிறார், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் வருவதற்குக் கொடுத்த விலை பெரிது. 1975இல் வடக்கு இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். ராச்டேல் நகரில் வரி அலுவலக எழுத்தராக இருந்த ஸ்டெஃபான் கிஷ்கோ என்பவர் அந்தக் கொலைக்காக 1976இல் ஆயுள் தண்டனை பெற்றார். சிறுமியின் உடையில் கிடைத்த விந்துக் கறையில் உயிரணுக்கள் இருந்தன. கிஷ்கோவிடமிருந்து எடுத்த மாதிரியில் அவை இல்லை, ஹார்மோன் குறைபாட்டால் அவருடைய உடலில் அவை உருவாகவே வழியில்லை. இந்த இரண்டு செய்திகளும் புலனாய்வின் காகிதங்களில் இருந்தன, ஆனால் அவருடைய வழக்குரைஞருக்கோ நடுவர் குழுவுக்கோ போய்ச் சேரவில்லை. 16 ஆண்டுகள் சிறையில் இருந்து 1992இல் அவர் விடுதலையானார். மறு ஆண்டே இறந்தார். அவருக்காகச் சலிக்காமல் போராடிய தாயும் அடுத்த சில மாதங்களில் இறந்தார். உண்மைக் குற்றவாளி மரபணுச் சோதனையால் அகப்பட்டுத் தண்டனை பெற்றது 2007இல். பணியில் சேர்ந்த புதிதில் இந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது மற்ற எதைவிடவும் என்னை உலுக்கியது ஒரு காகிதம்தான். அந்த ஒரு பரிசோதனை முடிவு சேர வேண்டிய கைக்குச் சேர்ந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது.

அதே 1992இல் ஜூடித் வார்டின் தண்டனையும் ரத்தானது. 1974இல் எம்62 நெடுஞ்சாலையில் 12 பேரைப் பலிகொண்ட பேருந்துக் குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்டுப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர் அவர். காவல்துறை மட்டுமின்றித் தடயவியல் அறிஞர்களும் தங்களிடம் இருந்தவற்றை வெளிப்படுத்தத் தவறினார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கடிந்துகொண்டது.

இனி, வேலைக்கு வருகிறேன். பெரிய வழக்குகளில் உள்ளே வரும் ஒவ்வொரு துண்டுக் காகிதமும் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பில் எண் பெறுகிறது. வாக்குமூலத்துக்கு எஸ், ஆவணத்துக்கு டி, சான்றுப்பொருளுக்கு எக்ஸ், செய்திக்கு எம் என்று வரிசை ஓடும். யார்க்‌ஷயரில் பெண்களைத் தொடர்ந்து கொன்ற பீட்டர் சட்கிளிஃபைக் காவலர்கள் ஒன்பது முறை விசாரித்தும், அட்டைக் குவியல்களுக்குள் அந்த விவரங்கள் ஒன்றோடொன்று சேராமல் தப்பவிட்டதன் பிறகு உருவான ஏற்பாடு அது. வழக்கில் பயன்படுத்தப்படாதவற்றை உங்கள் மகள் எம்ஜி6சி என்ற பட்டியலில் எழுதுகிறார். துப்புக் கொடுத்தவரின் அடையாளம், கண்காணிப்புக்கு இடம் கொடுத்த வீட்டின் முகவரி போன்றவை எம்ஜி6டி என்ற தனிப் பட்டியலுக்குப் போகும். அதை எதிர்த்தரப்பு பார்க்காது. அதில் உள்ள ஒன்று கொடுக்க வேண்டியதுதான் என்றாகி, கொடுத்தால் பொதுநலனுக்குக் கேடு என்றும் ஆனால், நீதிபதியிடம் போவார்கள். கடைசியில் எம்ஜி6இ என்ற அறிக்கையில், எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டியவை எவை என்று தன் கருத்தை அரசு வழக்குரைஞருக்கு எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

இதை நீங்கள் குமாஸ்தா வேலை என்கிறீர்கள். ஸ்டேஷன் ரைட்டராக இருந்த நீங்கள் அப்படிச் சொல்லலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு வழக்கு நிற்பதும் விழுவதும் எழுதுகிறவரின் ஒரு வரியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? பட்டியலில் 'காவலர் குறிப்பேடு, ஒரு பிரதி' என்று எழுதினால் அரசு வழக்குரைஞர் அதைத் தாண்டிப் போய்விடுவார். 'சம்பவ இடத்துக்கு முதலில் சென்ற காவலரின் குறிப்பேடு, 3 பக்கம். மூலைக்கடைக்காரர், ஓடிப்போனவர் சிவப்பு மேற்சட்டை அணிந்திருந்தார் என்று சொன்னதாகப் பக்கம் 2இல் உள்ளது' என்று எழுதினால், சான்றாக வைத்துள்ள கேமரா பதிவில் குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்புச் சட்டையில் இருப்பது உடனே அரசு வழக்குரைஞரின் நினைவுக்கு வரும். இரண்டு வரிகளும் பொய் அல்ல. ஆனால் முதல் வரியை எழுதியவர் குறிப்பேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்படித் திறக்காமல் எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரு கத்திக்குத்து வழக்கு. விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரித்த 64 படிவங்கள் ஒரு பெட்டியில் வந்தன. விசாரித்த குழுவின் சுருக்கத்தாளில் 'பயனுள்ள தகவல் இல்லை' என்றிருந்ததை நம்பி, பெட்டியை ஒரே வரியாகப் பட்டியலில் போட்டேன். ஒரே மாதிரியானவற்றை மொத்தமாகப் பதிய விதி இடம் தருகிறது. ஆனால் அவற்றுள் முக்கியமான ஒன்று இருந்தால் அதைத் தனித்து எழுத வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நீதிமன்ற விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எதிர்த்தரப்பு கேட்டதால் பெட்டியைத் திறந்தேன். நாற்பதுகளில் ஏதோ ஒரு படிவத்தில், மூதாட்டி ஒருவர், தொலைக்காட்சியில் பத்து மணிச் செய்தி தொடங்குவதற்கு முன்பே கூச்சல் கேட்டதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் கட்டியிருந்த காலவரிசையில் சம்பவம் பத்தரைக்கு. அந்தப் படிவம் அன்றே எதிர்த்தரப்புக்குப் போனது. காலவரிசை முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் அனுபவத்தில், மறைப்பவர்களைவிடப் படிக்காமல் விடுபவர்களே அதிகம்.

2017 டிசம்பரில் லண்டனின் கிராய்டன் நீதிமன்றத்தில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் நின்ற 22 வயது மாணவரின் கதையும் இத்தகையதே. புகார் கொடுத்தவரின் செல்பேசியிலிருந்து இறக்கிய சுமார் 40,000 செய்திகள் காவல்துறையிடமே இருந்தன. வழக்குக்குத் தொடர்பானது எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது. அரசுத் தரப்பு வழக்குரைஞரே வற்புறுத்தியதால் அவை வெளியே வந்தன, வழக்கு நொறுங்கியது. அதற்குள் அந்த இளைஞரின் வாழ்க்கையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜாமீனில் கழிந்துவிட்டன.

சில நேரம் காகிதம் இருந்தும் இல்லாமல் போகும். 1988இல் கார்டிஃபில் நடந்த ஒரு கொலையில் நிரபராதிகள் மூவர் தண்டிக்கப்பட்டதற்காக, முன்னாள் காவலர்கள் எண்மர் 2011இல் ஸ்வான்சீ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். சில ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று நம்பப்பட்டதால் அந்தப் பெரும் வழக்கு டிசம்பரில் சரிந்தது. அடுத்த மாதமே அந்த ஆவணங்கள் காவல்துறையின் பெட்டிகளுக்குள்ளேயே பத்திரமாகக் கிடைத்தன. வெளிப்படுத்தல் பணி தவறினால் நிரபராதி உள்ளே போவது மட்டுமல்ல, விசாரிக்கப்பட வேண்டியவரும் விசாரணையின்றி வெளியே போகிறார். பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் இந்த வேலை இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மகள் நாள் முழுவதும் என்னதான் செய்கிறாள் என்று நீங்கள் யோசிப்பீர்கள். பெரும்பாலும் கணினித் திரைமுன் அமர்ந்து, முடிவில்லாத தரவுக் குவியலில் எதைத் தேடுவது என்று தீர்மானிக்கிறார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மோசடி வழக்கில் 7 டெராபைட் தரவு இருந்தது. அதை மனிதக் கண் முழுதும் படிக்க முடியாது என்பதை ஏற்ற நீதிபதிகள், தேடும் முறையை அரசுத் தரப்பே பொறுப்பேற்று வகுத்து, அதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். எந்தச் சொற்களைக் கொண்டு தேடினோம், எந்தத் தேதிகளுக்குள் தேடினோம், எதை ஏன் விட்டோம் என்பதை ஓர் ஆவணமாக எழுதி எதிர்த்தரப்புக்குக் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் நம் மொழி தெரிந்தவருக்கு ஒரு தனி வேலை வருகிறது. ஒருமுறை, தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் பணப் பரிமாற்றத்தைத் தேட வேண்டியிருந்தது. தேடுசொற் பட்டியலில் 'பணம்' என்பதை ஒரே எழுத்துக்கூட்டலில் போட்டுவிட்டு, இரண்டே செய்திகள்தாம் உள்ளன என்று முடிவெழுதியிருந்தார்கள். பணத்தைக் காசு என்பார், காச என்பார், இலங்கைத் தமிழர் சிலர் சல்லி என்றும் சொல்வார். ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றையும் நாலு விதமாகத் தட்டுவார். சொற்களை மாற்றித் தேடியபோது செய்திகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் பல குற்றச்சாட்டை வலுப்படுத்தின. சில, அந்தப் பணம் சீட்டுக் கட்டிய பணம் என்று குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதற்கு ஆதரவாகவும் இருந்தன. இரண்டையும் எழுதினேன்.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. புகார் கொடுத்த பெண்களின் செல்பேசியை முழுதும் துருவுவது ஒரு காலத்தில் சடங்காகவே ஆகியிருந்தது. நியாயமான காரணம் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் சொல்ல வேண்டி வந்தது. கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள் என்பதும், வேலைச்சுமையால் அது நடப்பதில்லை என்பதும் அங்கே எல்லோரும் அறிந்தவை. நம் நாட்டிலும் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது: வழக்கில் சார்ந்திராத ஆவணங்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்ற வரைவு விதிகள் சொல்கின்றன. நீங்கள் பணியில் இருந்திருந்தால் அந்தப் பட்டியலை எழுதும் வேலை உங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கும்.

மகள் அந்த வேலையில் நீடிக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சம்பளம் பெரிதில்லை, மேல்நிலைக்கு ஏணியும் நீளமில்லை, கொலையானவரின் படங்களைப் பகல் முழுவதும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். என்னிடம் ஆலோசனை கேட்டால், எதிர்த்தரப்பு தன் வாதத்தை எழுதிக் கொடுக்கும் அறிக்கையைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு பெட்டிகளைத் திறக்கச் சொல்வேன். புலனாய்வு முடியும் தறுவாயில் அவரை அழைக்கிற அதிகாரி என்றால் வேறு குழுவுக்கு மாற்றம் கேட்கச் சொல்வேன். முதல் நாளிலிருந்து கூட்டங்களில் உட்கார வைக்கிறவர் என்றால் விட்டு வரவே கூடாது.

'சொல்லக் கூடாதுப்பா' என்பதைக் குறையாகச் சொன்னீர்கள். எழுத்தராக இருந்த காலத்தில் நீங்கள் வீட்டில் எவ்வளவு சொன்னீர்கள் என்பதை உங்கள் மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.