போர்வையின் நான்கு முனைகள்

அன்புள்ள ஐயா,

மும்பையின் போரிவலியில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வசிப்பவன் நான். 2006 ஜூலை 11 மாலை புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, வழக்கமாக ஏறும் வண்டியைத் தவறவிட்டதால் உயிரோடு இருக்கிறேன். மறுநாள் காலையில் சர்ச்கேட் வண்டியேறி வேலைக்குப் போனேன். வண்டி நிரம்பியிருந்தது. மும்பையின் நெஞ்சுரம் என்று நாளிதழ்கள் எழுதியபோது பெருமையாகவே இருந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்த செய்தியைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஒன்றாக நின்றோம் என்பீர்களே அப்பா, அதனால் என்ன கிடைத்தது?” என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று நான் வேலைக்குப் போனது துணிவா, மரத்துப்போன மனமா? இவையெல்லாம் அந்தக் குடியிருப்புகளிலிருந்துதான் கிளம்புகின்றன என்று எங்கள் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதையும் முழுதாக மறுக்க முடியவில்லை. ஆண்டுதோறும் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், அந்தத் தீர்ப்பு வந்த நாள் முதல் ஒரு பழைய போர்வையின் நினைவு என்னை விடாமல் சுற்றிவந்துகொண்டிருப்பதுதான். அதற்கு முன் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

நீங்கள் மறுநாள் வேலைக்குப் போனது, போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதால். உங்களோடு அந்த வண்டியில் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரும் அதற்காகவே வந்தார்கள். அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. அதே நாளில் சென்செக்ஸ் 300 புள்ளிகளுக்கு மேல் ஏறியதையும் நெஞ்சுரத்தின் கணக்கில்தான் எழுதினார்கள். அதை வைத்தே அந்தச் சொல்லின் மதிப்பை நீங்கள் எடைபோட்டுக்கொள்ளலாம். மெழுகுவத்தியை ஏற்றுங்கள், நான் தடுக்கவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் “அந்தக் குடியிருப்புகள்” என்று ஒரு வரி எழுதினீர்களே, அதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று பழியை அண்டை வீட்டார்மேல் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்வது அதைவிட மோசம். முப்பத்தைந்து ஆண்டுகளாக அங்கே இருக்கும் உங்களுக்கு 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் நினைவிருக்காமல் போகாது. சுமார் 900 பேர் கொல்லப்பட்ட அந்த இந்து-முஸ்லிம் கலவரங்களின் சூடு தணியும் முன்பே, மார்ச் 12 அன்று தொடர்குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் நகரம் மறுபடி பற்றி எரியவில்லை. முன்னாள் காவல் ஆணையர் ஜூலியோ ரிபெய்ரோ, சமூக சேவகர் சுஷோபா பார்வே போன்றவர்கள் காவல்துறையையும் மக்களையும் ஒரே பாயில் உட்காரவைத்து, மொஹல்லா கமிட்டிகள் (குடியிருப்புக் குழுக்கள்) என்ற பெயரில், தண்ணீர்க் குழாய்ச் சண்டையிலிருந்து கிரிக்கெட் போட்டி வரை சலிக்காமல் பேசிக்கொண்டிருந்தது நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வரவில்லை. 2006-இல் பதினோரு நிமிடங்களுக்குள் ஏழு வண்டிகளில் குண்டுகளை வெடிக்கவைத்தவர்கள் பிணங்களை மட்டும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் தெருவில் கத்திகளையும் எதிர்பார்த்திருப்பார்கள். அது நடக்கவில்லை. இறந்தவர்களின் பட்டியலில் எல்லா மதத்துப் பெயர்களும் இருந்தன. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிக் கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளுக்குத் தங்கள் இடுகாட்டில் இடம் தர மாட்டோம் என்று மறுத்தவர்கள் அந்த நகரத்து முஸ்லிம்கள். இத்தனையையும் கண்ணால் பார்த்த ஒருவர், அன்று குண்டு வைத்தவர்களால் சாதிக்க முடியாததை உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே வரியில் சாதித்துக்கொடுப்பது எனக்குக் கோபத்தைவிட வருத்தத்தையே தருகிறது.

அந்தக் குடியிருப்புகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கும் மும்பையில்தான் வேலை. அன்று மாலை நான் இருந்த வண்டி மாட்டுங்கா ரோட்டைத் தாண்டி நடுவழியில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ வெடித்திருக்கிறது என்றார்கள். கைப்பேசிகள் எதுவும் வேலை செய்யவில்லை. குதித்து இறங்கி, மழைத் தூறலில் ஜல்லிக்கற்கள்மேல் மாஹிம் நோக்கி நடந்தோம். முதல் வகுப்புப் பெட்டியின் தகரம் வெளிப்பக்கமாகப் பிளந்து விரிந்திருந்ததை வருணிக்கப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வரவில்லை, போலீசாரும் அப்போது வந்திருக்கவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து ஆண்களும் பெண்களும் கையில் போர்வைகளோடும் பழைய சேலைகளோடும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள்.

பூப்போட்ட ஒரு நீலப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் தந்தார்கள். நடுவயதுக்காரர் ஒருவரை அதில் கிடத்தியிருந்தார்கள். நான் துணியை விரல்களால் பிடித்துத் தூக்கினேன். நான்கடி நடப்பதற்குள் வழுக்கிவிட்டது. எதிர்முனையில் இருந்த பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். அவன் என்னை அதட்டினான். துணியை முறுக்கி மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்று, பிறகு பிடி, காலை மெதுவாக எடுத்துவை, தலைப்பக்கம் தாழக் கூடாது என்றான். அவன் சொன்னபடி செய்ததும் அந்தக் கனம் பாதியாகிவிட்டதுபோல இருந்தது. சாலைக்கு வந்து, நின்றிருந்த டாக்ஸியில் அவரை ஏற்றிய பிறகு, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “நாங்கள் தினமும் தூக்குகிறோமே” என்றான்.

அந்தப் பதிலின் முழுப்பொருள் எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின. மும்பையின் புறநகர் ரயில் பாதைகளில் அந்த ஆண்டுகளில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துக்கொண்டிருந்தார்கள்: தண்டவாளத்தைக் கடக்கும்போது, படியில் தொங்கி வரும்போது, கம்பத்தில் மோதி. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு எட்டுப் பேருக்கும் மேல். அவர்களைக் கவனிக்க எந்தத் தலைவரும் வருவதில்லை. அடிபட்டவர் கிடக்கும் இடத்துக்கு முதலில் ஓடிவருபவர் பக்கத்துக் குடிசைக்காரர். அவருக்கு ஸ்ட்ரெச்சர் கிடைக்காது, போர்வை கிடைக்கும். ஜூலை 11 அன்று உலகமே வியந்த அந்த உதவி, அந்த மக்களுக்கு அன்றாட வேலையின் ஒரு பெரிய நாள். இடுப்பு ஆடை நழுவும்போது கை யோசித்துவிட்டா போகிறது?

நான் பிடிவாதக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றுமை என்பதை நாம் ஓர் உணர்ச்சியாக நினைத்து, ஆபத்துக் காலத்தில் அது நெஞ்சில் பொங்கிவரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அன்று நெஞ்சில் பொங்கத்தான் செய்தது. ஆனாலும் கையிலிருந்து போர்வை வழுக்கியது. 2008 நவம்பர் 26 இரவு சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் அறிவிப்பாளராக இருந்த விஷ்ணு ஜெண்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கு வழிசொல்வது அவருடைய வேலை. துப்பாக்கிச் சத்தத்தின் நடுவிலும் அவர், பயணிகள் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். காமா மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த செவிலியர் அஞ்சலி குல்தே, 20 கர்ப்பிணிகளை ஒரு சிறிய அறைக்குள் கொண்டுபோய், விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் வைத்திருந்தார். இருவரும் அன்று தங்கள் பணியைத்தான் செய்தார்கள், அதை உயிரைக் கொடுத்துச் செய்யத் துணிந்தார்கள். செய்து பழகாத ஒன்றை அந்த நேரத்தில் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

ரத்தத்தையே பாருங்கள். 2006 ஜூலை 11 இரவே மருத்துவமனை வாசல்களில் ரத்தம் கொடுக்க நீண்ட வரிசைகள் நின்றன. அந்த அன்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்து, பிரித்து, பிறகுதான் ஏற்ற முடியும். அடிபட்டு வந்தவர்களை உடனே காப்பாற்றியது, அதற்கு முந்தைய வாரங்களில் யாரோ, எந்தச் செய்தியும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கொடுத்துவிட்டுப் போன ரத்தம். சிவப்பணுக்களை ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள்தான். எல்லாரும் ஒரே நாளில் கொடுத்தால் ஒரு பகுதி வீணாகும், அடுத்த மாதம் பஞ்சம் வரும். உங்கள் கட்டடத்தில் மெழுகுவத்தி ஏற்ற வருபவர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

உங்கள் மகளின் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. 2015-இல் தனி நீதிமன்றம் பன்னிரண்டு பேரைக் குற்றவாளிகள் என்றது, ஐந்து பேருக்குத் தூக்கு. பத்தாண்டு கழித்து உயர் நீதிமன்றம், அரசுத் தரப்பு எதையும் நிரூபிக்கவில்லை என்றது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றது. ஆனால் வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. பத்தொன்பது ஆண்டுகளைச் சிறையில் தொலைத்தவர்களுக்கும் பதில் இல்லை, பிள்ளையைத் தொலைத்த தாய்க்கும் பதில் இல்லை. ஒன்றாக நின்றோம் என்கிறீர்கள். எவ்வளவு நேரம் நின்றோம்? 2006 ஜூலை 18 மாலை, குண்டுகள் வெடித்த அதே நேரத்தில், நகரம் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. அந்தக் குண்டுகளில் காயம்பட்ட ஒருவர் ஒன்பது ஆண்டுகள் நினைவில்லாமல் படுக்கையில் கிடந்து 2015 ஜூலையில் இறந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவரோடு நின்றது அவருடைய குடும்பம். நீங்களும் நானும் இல்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள். உங்களைவிட அவளுக்குச் சீக்கிரம் புரியும்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சில வாரங்கள் கழித்து இரண்டு புதிய போர்வைகளை வாங்கிக்கொண்டு மாஹிமில் அந்தக் குடிசை வரிசைக்குப் போனேன். பையன் வேலைக்குப் போயிருந்தான். நான் வந்த காரணத்தைக் கேட்டு அவன் அம்மா சிரித்தார். அது கிழிந்த பழைய போர்வை, அதற்குப் போய் இரண்டா என்றார். தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நீங்கள் டாக்ஸியில் ஏற்றிவிட்டவர் பிழைத்தாரா என்று கேட்டார். அவரை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்றுகூட நான் விசாரித்திருக்கவில்லை.