வாசகர் கேள்வி: செம்பனை முள்ளும் மிச்ச மருந்தும்

கேள்வி: குலை வெட்டப் போன கணவருக்குச் செம்பனை முள் பாதத்தில் குத்தி, சீழ் வைத்துவிட்டது. கிளினிக்கில் கிளோக்சாசிலின் கொடுத்தார்கள். மகனுக்கு வாங்கிய அமோக்சிசிலின் வீட்டில் மிச்சம் இருக்கிறது. இரண்டும் பெனிசிலின் வகைதானே, அதையே கொடுத்தால் என்ன?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வகை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கூடை பின்னியதுபோல ஒரு சுவர் வைத்திருக்கிறது. வளரும்போது பழைய இழையை அறுத்துப் புது இழை சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடும் நொதிக்கு இந்த மருந்து இழையின் நுனி மாதிரியே தெரியும். பிடித்தால் விட முடியாமல் ஒட்டிக்கொள்ளும். அறுக்கும் வேலை மட்டும் நடக்க, சுவர் பலமிழந்து, உள்ளே தண்ணீர் ஏறி, பாக்டீரியா வெடிக்கிறது. நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது.

சீழ்ப்புண்ணில் அடிக்கடி இருப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதில் பெரும்பாலானவை அமோக்சிசிலினின் பீட்டா-லாக்டம் வளையத்தை (மருந்தை வேலை செய்யவைக்கும் பகுதி) உடைக்கும் நொதியை வைத்திருக்கின்றன. கிளோக்சாசிலினில் அந்த வளையத்துக்குப் பக்கத்தில் பெருத்த வால் உண்டு. அந்த நொதியால் எளிதில் நெருங்க முடியாது. ஆகவே மிச்ச மருந்து வேண்டாம்.

கிளோக்சாசிலினைச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் கழித்தோ, வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 6 மணி நேரம்தான். ரத்தத்தில் இதன் அளவு 1 மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகிவிடும். காலையில் மறந்ததை மதியத்தோடு சேர்த்து இரண்டாக விழுங்கினால் கூடுதலாகக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்கூட இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். முள் நுனி உள்ளே முறிந்து கிடந்தால் எந்த மருந்தும் ஆற்றாது, எடுத்தாக வேண்டும். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். முன்பு பெனிசிலினால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் இரண்டுமே ஆகாது, மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கான அமோக்சிசிலினை ஏன் பவுடராகவே தருகிறார்கள்? கலக்கும்போது எப்போதும் கட்டி தட்டுகிறது.
- வாசகர், பாகான் செராய்

பதில்: முன்பு சொன்ன பீட்டா-லாக்டம் வளையத்துக்கு நான்கே மூலை, வில் மாதிரி இறுகி நிற்பது. அதனால்தான் நொதியில் ஒட்டுகிறது, அதனால்தான் தண்ணீரிலும் மெல்ல உடைகிறது. சூடு பட்டால் இன்னும் வேகம். எனவே கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீர்தான்.

முதலில் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிடுங்கள். பாதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். ஒரேயடியாகக் கோடு வரை ஊற்றினால் அடியில் கட்டி தங்கும்: முதல் நாட்களில் நீர்த்த மருந்து, கடைசியில் கெட்டியான மருந்து. ஒவ்வொரு முறையும் குலுக்கி, சமையல் கரண்டியால் அல்லாமல் ஊசியில்லா சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். கிளாவுலனிக் அமிலம் (வளையத்தை உடைக்கும் நொதியைத் தடுப்பது) சேர்ந்தது இன்னும் சீக்கிரம் கெடும், குளிர்பெட்டி கட்டாயம், ஃபிரீசர் அல்ல. கலந்த தேதியைப் போத்தலில் எழுதி, லேபிளில் உள்ள நாள் முடிந்ததும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: டிங்கிக்கு அமோக்சிசிலின் கேட்குமா?
- வாசகர், கூலிம்

பதில்: கேட்காது. அது வைரஸ், உடைக்கச் சுவர் இல்லை. எலிக்காய்ச்சல் வேறு, அது பாக்டீரியா, பெனிசிலினுக்கு அடங்கும். ஆரம்பத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், தோட்டத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.