உபுண்டு போட்டபின் வைஃபை காணாமல் போனால்

மடிக்கணினியில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவியதும் வைஃபை பட்டியலே வரவில்லை, உள்ளே இருப்பது பிராட்காம் பிசிஎம்43142 வைஃபை கார்டு என்கிறீர்கள். கார்டு பழுதில்லை. இதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும்.

நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைப்பேசி நெட்டைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள், போதும். பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கினால், நிறுவும்போதே புதிதாக ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத்திரை வரும். பயந்து 'கன்டினியூ பூட்' அழுத்திவிடாதீர்கள்! 'என்ரோல் மோக்' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்வது) தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். இதைத் தவறவிட்டால் டிரைவர் இருக்கும், ஆனால் கெர்னல் அதை ஏற்றாது.