எஸ்.ஏ.டி. வாசிப்புப் பகுதி: ‘எழுதியவர் என்ன நினைக்கிறார்?’

தம்பி, கோவையில் ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாக வந்த மகள், டல்லஸில் பதினொன்றாவது சேர்ந்து அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பயிற்சித் தேர்வு எழுதினால், எழுதியவரின் கண்ணோட்டத்தைக் கேட்கும் கேள்விகளில் மட்டும் தப்பு விடுகிறாள், கோச்சிங் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆங்கிலம் போதாமல் வரும் தப்பு இல்லை இது. நம் ஊர்ப் பரீட்சையில் பத்தியில் இருக்கும் வரியைத் தேடி எடுத்து எழுதினால் மார்க் விழும். இங்கே எழுதியவர் எந்தப் பக்கம், அதுவும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள்.

என் பையன்களுக்கு நானே பத்தி எழுதிக் காட்டுவேன். ஒன்று இப்படி: ‘மொட்டை மாடியில் தேனீ வளர்த்தால் தேனீ இனமே பிழைத்துவிடும் என்கிறார்கள் ஆர்வலர்கள். முயற்சி பாராட்டத்தக்கதுதான். ஆனால் வளர்ப்புத் தேனீ பெருகினால் காட்டுத் தேனீக்குப் பூ மிஞ்சுமா என்பதையும் பார்க்க வேண்டும்.’ விடைகள் நான்கு: முழு ஆதரவு, ஏளனம், தயக்கத்தோடு பாராட்டு, அக்கறையின்மை. ‘ஆனால்’ வந்துவிட்டதே என்று பெரியவன் ஏளனத்தைத் தொட்டான். சின்னவன் முழு ஆதரவு என்றான். அவன் பிடித்துக்கொண்டது ஆர்வலர்களின் பேச்சை. எழுதியவர் தன் வாயால் சொன்னது கடைசி இரண்டு வாக்கியம்தான். அதனால் மூன்றாவதான ‘தயக்கத்தோடு பாராட்டு’தான் விடை.

பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்: யார் சொன்னது, எவ்வளவு அழுத்திச் சொன்னது. ‘சம் ஸ்காலர்ஸ்’ (சில அறிஞர்கள்) என்று தொடங்கினால் அது அடுத்தவர் கருத்து. ‘பெர்ஹாப்ஸ்’ (ஒருவேளை), ‘மியர்லி’ (வெறுமனே) மாதிரிச் சின்னச் சொல் வந்தால் அங்கே நிற்கச் சொல்லுங்கள்; எழுதியவர் அதில்தான் பிடிபடுவார். விடையில் வெறுப்பு, பரவசம் என்று உச்சத்தில் ஏதாவது இருந்தால், பத்தியிலும் அந்தச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அநேகமாக இருக்காது. இரண்டு பத்தி கொடுத்து, இரண்டாமவர் முதலாமவருக்கு என்ன பதில் சொல்வார் என்று கேட்பதும் இதே வித்தைதான்.

வீட்டில் பழக ஒரு வழி. மார்க் போடும் தமிழ் சினிமா விமர்சனம் ஒன்றை எடுத்து, கடைசியில் இருக்கும் மார்க்கை மறைத்துவிட்டு, எத்தனை போட்டிருப்பார்கள் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல்லை வைத்துச் சொன்னாள் என்றும் கேளுங்கள். அப்புறம் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்துக்குப் போகலாம். தமிழில் பிடிபட்டால் ஆங்கிலத்திலும் பிடிபடும் என்பது என் நம்பிக்கை.

பழைய கைடு வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து தேர்வு முழுக்க கம்ப்யூட்டரில். நீளமான பத்திகள் போய்விட்டன. 25 முதல் 150 சொற்களில் சின்னப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த இந்தப் பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்வி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசம், கான் அகாடமி இணையதளத்திலும் பயிற்சி இலவசம். தப்புக்கு மார்க் பிடிப்பதில்லை, அதனால் எதையும் விடாமல் ஒன்றைத் தொடட்டும்.

மார்ச்சில் ஒருமுறை எழுதட்டும். போதவில்லை என்றால் ஆகஸ்ட், அக்டோபரில் மறுபடி எழுதலாம். வாசிப்பு-எழுத்து, கணக்கு என்ற இரண்டு பகுதிகளிலும் வெவ்வேறு முறை கிடைத்த சிறந்த மார்க்கைச் சேர்த்துப் பார்க்கும் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன.