வீட்டிலேயே நல்ல சாவு அமைய என்ன செய்ய வேண்டும்?

நுரையீரல் புற்றுநோய் முற்றிய அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு, நல்லபடியாகப் போய்ச்சேர என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் காலத்து நோயாளிகளைக் கவனிக்க 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா அமைப்பு வீட்டுக்கே தாதி அனுப்பும். ஆனால் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கோடு சரி. உங்கள் பக்கத்துக்கு யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதலில் வலிக்கான மருந்து, மார்ஃபின். இங்கே வழக்கமாகத் தரும் திரவத்தில் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். இருந்தாலும் புட்டியைப் பார்த்து, கரண்டியில் ஊற்றாமல் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வலி வரட்டும் என்று காத்திருந்தால், குடித்த பிறகும் அது அடங்க அரை மணியாவது ஆகும். அதுவரை மனுசர் துடிப்பார். இடையில் வலி கிளம்பினால் எவ்வளவு தரலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். 'மார்ஃபின் ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும்' என்பார்கள். சொன்ன அளவில் அப்படி ஆகாது, மூச்சுத்திணறலும் தணியும். மலம்தான் இறுகும். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கொடுங்கள். விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில் ஊசி வழியாக மருந்து போக வேண்டும். அதை யார் போடுவார்கள் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்தது பால். உறவினர் எல்லாரும் வரிசையாக நின்று வாயில் ஊற்றுவார்கள். நினைவில்லாதவருக்குப் பால் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றி எடுங்கள். சடங்குக்குச் சடங்கும் ஆச்சு, காய்ந்த உதடும் நனையும்.

கடைசி ஓரிரு நாளில் சேடம் இழுக்கும். விழுங்காத எச்சில் தொண்டையில் தேங்குவதால் வரும் சத்தம் அது. கேட்கிற நமக்குத்தான் வேதனை, அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மூச்சு அரை நிமிடம் நின்று மறுபடி வரும், முழங்காலில் ஊதாத் திட்டு விழும். ட்ரிப் போடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். அந்தத் தண்ணீரை உடம்பு ஏற்காமல் காலிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொள்ளும். பேச்சு நின்றபின்னும் காது கேட்கக்கூடும், ஈபிஎஃப் சேமநிதிப் பணம் யாருக்கு என்ற பேச்சை வாசலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் யாராவது பதறிப்போய் ஆம்புலன்சுக்கு 999 அடிப்பார்கள். வருகிறவர்கள் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. அது வேண்டாம் என்று அப்பாவே சொல்லியிருந்தால் டாக்டரிடம் கடிதம் வாங்கி, அவருடைய அடையாள அட்டையான மைகார்டோடு ஒரே உறையில் போட்டு, ராத்திரி முழித்திருப்பவர் கையில் கொடுங்கள்.