ஊர்ப்பெயர் இல்லாத அணி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். உங்கள் கட்டுரைகளில் அங்கங்கே பேஸ்பால் வருவதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. என் பையனுக்குப் பதினொரு வயது. ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணி என்றால் உயிர். அந்த அணி இந்த 2025 மார்ச் கடைசியில் தொடங்கும் சீசனை சாக்ரமெண்டோவில் ஆடப்போகிறது. 2028இல் லாஸ் வேகாஸுக்குப் போய்விடும் என்கிறார்கள். பையன் இன்னும் சமாதானமாகவில்லை. "விடுடா, கூட்டமே வரவில்லை, முதலாளி என்ன செய்வார்? எல்லாம் வியாபாரம்தானே. அந்த அணியே ஓக்லாந்துக்கு வெளியூரிலிருந்து வந்ததுதான். பேசாமல் பக்கத்து ஊர் சான் பிரான்சிஸ்கோவின் ஜயன்ட்ஸுக்கு மாறிவிடு" என்றேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. 2018இல் சிஎஸ்கே புனேவில் ஆடியபோது நாம் மாறினோமா என்று என் மனைவி கேட்கிறார். இந்த வருஷம் அணி எப்படி ஆடும்? அவனை சாக்ரமெண்டோவுக்கு அழைத்துப்போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ரிக்கி ஹெண்டர்சனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 டிசம்பர் 20 அன்று அவர் ஓக்லாந்தில் காலமானார். அந்த ஊரில் வளர்ந்த பையன். அந்த ஊர் அணிக்கே ஆடி, 1991இல் அந்த ஊர் மைதானத்திலேயே 939ஆவது பேஸைத் திருடி அமெரிக்க மேஜர் லீக் சாதனையைக் கைப்பற்றியவர். கடைசிக் கணக்கு 1,406. பிட்சர் பந்தைக் கையைவிட்டு எறியப்போகும் அந்த நொடியில் கிளம்பி, தலை முன்னால் போகப் பாய்ந்து அடுத்த பேஸைத் தொடும் வித்தையில் அவருக்கு அருகில் வர இன்றுவரை ஆள் கிடையாது. அத்லெடிக்ஸ் ஓக்லாந்தில் கடைசி ஆட்டம் ஆடி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவரும் போய்விட்டார்.

முதலில் சீசன். அணி மோசமில்லை. 2023இல் 112 தோல்வி, போன வருஷம் 93. ஏறுமுகம்தான். பிட்சர் லூயிஸ் செவரினோவை மூன்று வருஷத்துக்கு 67 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். அந்த அணியின் சரித்திரத்தில் அதுவரை இல்லாத பெரிய ஒப்பந்தம். போன வருஷம் 39 ஹோம் ரன் அடித்த பிரென்ட் ரூக்கரையும், இளைஞன் லாரன்ஸ் பட்லரையும் பல வருஷத்துக்குப் பிடித்துவைத்திருக்கிறார்கள். போன வருஷம் கடைசி இன்னிங்ஸில் மேசன் மில்லர் மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசினான். எண்பது வெற்றிக்குக் கிட்டே வருவார்கள், பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்று எட்டாது என்பது என் கணிப்பு. இதற்கு மேல் அதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சிஎஸ்கே விஷயம் இதற்குப் பொருந்தாது. அது ஒரே ஒரு சீசன். பெயரில் சென்னை இருந்தது, அடுத்த வருஷம் வீட்டுக்கு வந்துவிட்டது. இங்கே பெயரிலிருந்தே ஊரை எடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் வெறும் 'அத்லெடிக்ஸ்'. முன்னால் எந்த ஊரும் கிடையாது. வெளியூரிலிருந்து வந்த அணிதான் என்பதும் சரி. பிலடெல்பியாவில் 1901இல் தொடங்கி, 1955இல் கான்சாஸ் சிட்டிக்குப் போய், 1968இல் ஓக்லாந்து வந்தார்கள். அந்த இரண்டு ஊர்களிலும் பிள்ளைகள் அழுதுதான் இருப்பார்கள். அதனால் உங்கள் பையன் அழுவது தப்பாகிவிடுமா?

ஆனால் "கூட்டமே வரவில்லை" என்று சொன்னீர்களே, அதை நான் விடமாட்டேன். ஒரு குழந்தையிடம் இந்தப் பொய்யைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நீங்கள் படித்தவர். எண்களோடு பிழைப்பவர். எண்களைப் பார்த்திருக்கலாமே.

இருபது வருஷத்துக்கு முன் நான் ஓக்லாந்தில் குடியிருந்தேன். கொலீசியம் ரயில் நிலையத்தில் இறங்கினால் மைதானத்துக்கு ஒரு நீண்ட நடைபாலம். இரண்டு பக்கமும் பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் வாசம், மூட்டை மூட்டையாக வேர்க்கடலை, ஐஸில் போட்ட தண்ணீர் பாட்டில். உள்ளே விற்பதைவிட எல்லாமே மலிவு. திறந்தவெளி இருக்கைகளில் முரசு அடிப்பவர்கள் இருப்பார்கள், ஒன்பது இன்னிங்ஸும் நிறுத்தமாட்டார்கள். கிரிக்கெட் மைதானங்களில் கூட்டம் எழுந்து எழுந்து உட்கார்ந்து அலை எழுப்புகிறதே, அது 1981 அக்டோபரில் இந்த மைதானத்தில்தான் முதலில் எழுந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

அங்கே எனக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் ஒரு பெரியவர் இருந்தார். ஓக்லாந்து துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஓய்வு பெற்றவர். காதில் சின்ன ரேடியோவை ஒட்டவைத்து பில் கிங்கின் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே, மடியில் அட்டை வைத்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொள்வார். பேஸ்பாலில் ஒவ்வொரு தடுப்பாளர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், இரண்டாம் பேஸ்காரர் வழியாக முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேரை வெளியேற்றினால் '6-4-3'. தவறவிடும் ஒவ்வொரு நல்ல பந்தும் ஒரு ஸ்ட்ரைக். அடிக்க முயன்று மூன்றாவது ஸ்ட்ரைக்கில் வெளியேறினால் ஆங்கில 'கே'. மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையை அசைக்காமல் வேடிக்கை பார்த்துவிட்டு வெளியேறினால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடவேண்டும். நான் சாதாரணமாகப் போட்டுவிட்டால் அழிரப்பரை என் பக்கம் நகர்த்துவார், வாய் திறக்கமாட்டார்.

2002 செப்டம்பர் 4. தொடர்ந்து இருபதாவது வெற்றிக்கான ஆட்டம். 11-0 என்று முன்னால் இருந்த அத்லெடிக்ஸ் அத்தனையையும் விட்டுக்கொடுத்து 11-11 ஆனது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்காட் ஹட்டெபர்க் மாற்று ஆட்டக்காரராக வந்து ஹோம் ரன் அடித்து முடித்தார். அன்றைக்கு மைதானத்தில் 55,528 பேர். புதன்கிழமை இரவு. அடுத்த நாள் எல்லாருக்கும் வேலை இருந்தது. கூட்டம் ஓய்ந்தபிறகு பெரியவர் 1979ஐப் பற்றிச் சொன்னார். அந்த ஏப்ரலில் ஓர் இரவு, இதே மைதானத்தில் வந்திருந்தவர்கள் மொத்தம் 653 பேர். அதில் அவரும் ஒருவர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1972, 73, 74 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலகச் சாம்பியன். அப்புறம் அன்றைய முதலாளி சார்லி ஃபின்லி காலத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் கைநழுவிப் போனார்கள். 1979 முழுக்க வந்தவர்கள் 3,06,763. அப்போதும் இதையேதான் சொன்னார்கள்: ஓக்லாந்தில் கூட்டம் வராது. 1980இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் ஹாஸ் குடும்பம் அணியை வாங்கியது. ஊருக்குள் இறங்கி வேலை செய்தார்கள். 1982இல் 17 லட்சம் பேர். 1990இல் 29 லட்சம் பேர். அதே ஊர், அதே காங்கிரீட் மைதானம், அதே துறைமுகத் தொழிலாளிகள். பத்து வருஷத்தில் மாறியது முதலாளி மட்டும்தான்.

இன்னும் கேளுங்கள். 2001 முதல் 2005 வரை ஒவ்வொரு வருஷமும் 20 லட்சத்துக்கு மேல். அந்த 2005இல்தான் லூ வுல்ஃபும் ஜான் ஃபிஷரும் அணியை வாங்கினார்கள். 2006இல் என்ன செய்தார்கள் தெரியுமா? மேல்தளம் முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இருக்கைகளை மூடி வைத்தார்கள். பிறகு ஃப்ரீமான்ட்டுக்குப் போகிறோம் என்றார்கள். ஆமாம், உங்கள் ஊருக்குத்தான், 2009இல் அதைக் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே. பிறகு ஓக்லாந்துத் துறைமுகத்தில் புது மைதானம். ஒவ்வொரு வருஷமும் கிளம்பப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்த அணிக்கு, 2019இல் ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டத்துக்கு 54,005 பேர் வந்தார்கள். 2022 தொடக்கத்தில் மாட் ஓல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று நட்சத்திரங்கள் எல்லாரையும் அடுத்தடுத்து வேறு அணிகளுக்குக் கைமாற்றினார்கள். அந்த வருஷம் கூட்டம் எட்டு லட்சத்துக்கும் கீழே போனது. நீங்கள் சொல்லும் 'வராத கூட்டம்' அதுதான். பையனிடம் அந்த ஒரு வருஷத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள்.

2023 ஜூன் 13ஐயும் அவனிடம் சொல்லுங்கள். ரசிகர்களே ஏற்பாடு செய்த இரவு. வராமல் இருந்து எதிர்ப்பதற்குப் பதிலாக வந்து எதிர்ப்போம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை. லீகிலேயே கடைசி இடத்தில் கிடந்த அணி. 27,759 பேர் வந்தார்கள். பச்சைச் சட்டையில் 'விற்றுவிடு' என்ற ஒரே வார்த்தை. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொண்டது. பிறகு ஒரே குரலில் "அணியை விற்றுவிடு" என்று எழுந்தது. அன்றைக்கு அணியும் ஜெயித்தது, 2-1. அதே நாளில் நெவாடா மாநில செனட் லாஸ் வேகாஸ் மைதானத்துக்கு 380 மில்லியன் டாலர் வரையிலான பொதுப்பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நவம்பரில் முப்பது அணி முதலாளிகளும் இடமாற்றத்துக்கு ஒருமனதாகக் கையைத் தூக்கினார்கள். அப்படியும் போன செப்டம்பர் 26, கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்து நின்று அழுதார்கள்.

"வியாபாரம்தானே" என்பதும் அரைகுறைப் பேச்சு. தெருவில் மளிகைக்கடை மூடினால் இன்னொருவர் கடை போடலாம். இங்கே முடியாது. முப்பதே அணிகள், அந்த முதலாளிகளில் பெரும்பாலோர் சம்மதித்தால்தான் முப்பத்தொன்றாவது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது. அது இன்னும் நிற்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டவர்களிடம் போய்ச் சந்தை நியாயம் பேசுகிறீர்கள்.

சரி, ஜயன்ட்ஸுக்கு மாறச் சொன்னீர்களே, அதுதான் எனக்குக் கோபமே. சான் ஹோசே வட்டாரத்தில் அணி நடத்தும் உரிமை ஜயன்ட்ஸுக்கு எப்படி வந்தது? 1990 வாக்கில் அவர்கள் அங்கே மைதானம் கட்ட நினைத்தபோது, ஓக்லாந்து அணியின் முதலாளி வால்டர் ஹாஸ் ஒரு காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். ஜயன்ட்ஸ் அங்கே போகவே இல்லை. பின்னாளில் அத்லெடிக்ஸ் சான் ஹோசேக்குப் போகப் பார்த்தபோது அதே உரிமையைக் காட்டி வழிமறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வட்டாரத்திலேயே அத்லெடிக்ஸ் அணி நிலைத்திருக்க இருந்த ஒரு வழி அப்படித்தான் அடைபட்டது. உங்கள் பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவன் பேசாமல் இருந்தது இரண்டு நாள்தான் என்றால் நல்ல பையன்.

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். முரசு அடித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்கோர் அட்டை வாங்கிக் கொடுங்கள், பென்சிலால் எழுதட்டும். மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பூங்காவில் ஓக்லாந்து பாலர்ஸ் என்ற புது அணி போன வருஷம் முதல் ஆடுகிறது. சின்ன லீக்தான், ஆனால் ரசிகர்களும் பங்கு வாங்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கூட்டிப்போங்கள்.

சாக்ரமெண்டோவுக்கும் தாராளமாகப் போங்கள். ஏறக்குறைய 14,000 பேர் கொள்ளும் சின்ன மைதானம். உடைமாற்றும் அறைகூட எல்லைச் சுவருக்கு அப்பால்தான் இருக்கிறது. அதனால் வீரர்கள் மைதானத்தைக் கடந்து நடந்துவருவதைப் பையன் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். அந்த ஊர்க்காரர்கள்மேல் மட்டும் அவன் கோபப்பட வேண்டாம். 2013இல் அவர்களுடைய கூடைப்பந்து அணியான கிங்ஸை சியாட்டிலுக்கு விற்கப் பார்த்தார்கள். ஊரே போராடி, மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு வாங்கி, அணியைத் தக்கவைத்துக்கொண்டது. அணியை இழப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அதே ரணதிவேயின் மைதானத்தில்தான், தங்கள் ஊர்ப்பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாத ஓர் அணிக்கு மூன்று வருஷம் கைதட்டப்போகிறார்கள். அங்கேயும் பதினொரு வயதுப் பிள்ளைகள் வருவார்கள், ரூக்கரின் சட்டையை வாங்குவார்கள். 2028இல் அவர்களுக்கும் இதே பதிலைத்தான் யாரோ சொல்லப்போகிறார்கள். உங்கள் பையன் அவர்களோடு பேசட்டும்.

ஏப்ரல், மே மாதங்களிலேயே போய்வாருங்கள். ஜூலையில் அந்த ஊர் வெயில் நூறு டிகிரியைத் தாண்டும், பகல் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்.