இருபது வரை சொல்கிறாள், நான்கு கேட்டால் அள்ளித் தருகிறாள்: சிறு எண்கள் பற்றிய கேள்வி-பதில்

குழந்தைகளுக்கு எண்ணக் கற்பிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒன்றோடொன்று நெருங்கியவை. ஆகவே ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலானவை இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியவை என்பதால், பத்துக்கு உட்பட்ட எண்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஒன்று முதல் இருபது வரை தங்குதடையின்றிச் சொல்கிறாள். ஆனால் "நான்கு கரண்டி எடுத்து வா" என்றால், கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக்கொண்டு வருகிறாள். கற்றதை மறந்துவிடுகிறாளா?

மறக்கவில்லை. அவள் கற்றது வேறு, நீங்கள் கேட்டது வேறு. எண்ணுப் பெயர்களை வரிசையாகச் சொல்வது, பொருள் தெரியாமலே ஒரு பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பது போன்றது. 'நான்கு' என்னும் சொல் ஒரு குறிப்பிட்ட அளவைக் குறிக்கிறது, அதற்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது நான்கு அல்ல என்ற அறிவு, அந்த ஒப்பித்தலிலிருந்து தனியாக, மிக மெதுவாகவே உருவாகிறது.

எத்தனை பொருள்களைத் தர வேண்டும் என்று கேட்டு, குழந்தை எத்தனை தருகிறது என்று பார்க்கும் எளிய சோதனையின் மூலம் உளவியலாளர் கேரன் வின் 1990ஆம் ஆண்டு இந்த வளர்ச்சியைத் தெளிவாக விளக்கினார். முதல் கட்டத்தில், ஒன்று கேட்டால் குழந்தை சரியாக ஒன்றைத் தரும். இரண்டு கேட்டாலும் ஐந்து கேட்டாலும் ஒரு கைப்பிடி அள்ளித் தரும். சில மாதங்கள் கழித்து 'இரண்டு' பிடிபடும், பிறகு 'மூன்று', சில குழந்தைகளுக்கு அதன்பின் 'நான்கு'. இதற்குப் பிறகுதான், ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, கேட்ட எண்ணைச் சொல்லி முடித்ததும் நிறுத்த வேண்டும் என்பது விளங்குகிறது. அது விளங்கிய குழந்தை ஐந்து, ஆறு, ஏழு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. 'ஒன்று' தெரிந்த நிலையிலிருந்து இந்த இடத்தை எட்ட, பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிறது. இருபது வரை சொல்லத் தெரிந்தும் 'மூன்று' தெரியாத குழந்தைகள் ஏராளம்; உங்கள் மகள் வழக்கமான பாதையில்தான் இருக்கிறாள்.

செய்ய வேண்டியது, அவள் எந்த எண்ணில் நிற்கிறாள் என்று கண்டறிவது. பத்துப் பன்னிரண்டு கரண்டிகளை அவள்முன் வைத்து, இரண்டு, ஒன்று, மூன்று என வரிசை மாற்றி, வெவ்வேறு நாட்களில் கேளுங்கள். தேர்வு நடத்துகிற தொனி வேண்டாம். அவள் தவறாகத் தரும்போது முகம் வாடவும் வேண்டாம். இரண்டைத் தவறாமல் தந்து, மூன்றில் தடுமாறினால், அவளுக்கான பாடம் 'மூன்று' மட்டுமே. மூன்று பொத்தான், மூன்று முறை கைதட்டல், மூன்று படிக்கட்டு என்று அந்த ஓர் எண்ணைப் பல பொருள்களில் காட்டுங்கள். பக்கத்தில் இரண்டும் நான்கும் வைத்து, "இது மூன்று, இது மூன்று இல்லை, நான்கு" என்று வேறுபாட்டையும் சொல்லுங்கள். மூன்று எது என்று தெரிவதற்கு, மூன்று அல்லாதது எது என்றும் தெரிய வேண்டும். குழந்தையை நூறு வரை சொல்ல வைத்து விருந்தினர்முன் காட்டும் ஆசை பெற்றோருக்கு இயல்பானதே. ஆனால் அதற்குச் செலவாகும் நேரத்தில் பாதியை 'மூன்று', 'நான்கு' ஆகிய இரண்டுக்கும் கொடுத்தால், குழந்தை அடையும் பயன் பல மடங்கு பெரிது என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: பொம்மைகளை எண்ணும்போது என் மகனின் விரல் ஒரு பக்கம் ஓடுகிறது, வாய் ஒரு பக்கம் ஓடுகிறது. ஆறு பொம்மைக்கு 'ஒன்பது' என்று முடிக்கிறான்.

ஒரு பொருளுக்கு ஓர் எண், ஒரே ஓர் எண் என்பது எண்ணுதலின் முதல் விதி. உளவியலாளர்கள் ரோஷல் கெல்மன், சார்லஸ் கேலிஸ்டல் ஆகிய இருவரும் 1978இல் வகுத்த ஐந்து நெறிகளிலும் இதுவே முதலாவது. எண்ணுப் பெயர்களின் வரிசை மாறாதிருப்பதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிப்பதும் அடுத்த இரண்டு. எதையும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது என்பவை மற்ற இரண்டு.

உங்கள் மகனுக்கு முதல் விதி பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். கையும் நாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். கலைந்து கிடக்கும் பொருள்களை எண்ணுவதில், எதை எண்ணி முடித்தோம், எது மிச்சம் என்று நினைவில் வைக்கும் சுமையும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள். பொம்மைகளை ஒரே வரிசையில், சிறிது இடைவெளி விட்டு அடுக்குங்கள். சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரு பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். பொம்மை பெட்டியின் அடியைத் தொடும் ஓசை கேட்கும் கணத்தில்தான் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. எடுப்பதற்கும் போடுவதற்கும் ஆகும் நேரம் நாவைத் தானாகவே நிதானப்படுத்தும். எண்ணியவை பெட்டிக்குள்ளும் எண்ணாதவை வெளியிலும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்து நிற்கும். இது வசப்பட்ட பிறகு தொட்டு எண்ணுவது, அதற்கும் பிறகு சுட்டி எண்ணுவது, கடைசியில் பார்வையால் மட்டும் எண்ணுவது என்று படிப்படியாகச் செல்லுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வாய்க்குள் போகும் அளவுள்ள சிறு பொருள்களைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஐந்து பந்துகளைச் சரியாக எண்ணுகிறாள். உடனே "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்குகிறாள். ஏன்?

'எத்தனை' என்ற கேள்வி அவளுக்கு, 'எண்ணிக் காட்டு' என்ற வேண்டுகோளாகவே கேட்கிறது. கடைசியில் சொன்ன 'ஐந்து' என்பது அந்த ஐந்தாவது பந்தின் பெயர் அல்ல, எல்லாப் பந்துகளையும் சேர்த்த தொகை என்பது அவளுக்கு இன்னும் எட்டவில்லை. மேலே சொன்ன நெறிகளில் மூன்றாவது இது. ஐந்திலும் மிக முக்கியமானது என்று நான் கருதுவதும் இதுதான்.

இதற்குப் பெரியவர்கள் பேசும் முறையைச் சற்று மாற்றினாலே பலன் தெரியும். தொகையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு எண்ணிக் காட்டுங்கள்: "இதோ பார், மூன்று பந்து. ஒன்று, இரண்டு, மூன்று." முடித்ததும் எல்லாவற்றையும் சுற்றிக் கையால் வட்டமிட்டு, "மொத்தம் மூன்று" என்று மறுபடியும் சொல்லுங்கள். குழந்தை ஒரே பார்வையில் அறியக்கூடிய இரண்டு, மூன்று போன்ற சிறு தொகைகளில் இதைத் தொடங்குவது நல்லது. ஏனெனில் கண் ஏற்கெனவே அறிந்த தொகையும் எண்ணி முடித்த கடைசிச் சொல்லும் ஒன்றாக இருப்பதை அவளே கண்டுகொள்ள முடியும். எண்ணிக் காட்டுவது மட்டும், அல்லது தொகையைச் சொல்வது மட்டும் என்று தனித்தனியாகச் செய்வதைவிட, இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும்போது குழந்தைகள் விரைவாகக் கற்பதாக ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஓர் எச்சரிக்கை: 'எத்தனை' என்று கேட்டால் கடைசி எண்ணைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று பழகிவிட்ட குழந்தைகளும் உண்டு. சரியான விடை வந்ததாலேயே புரிந்துவிட்டது என்று கொள்ளாமல், "ஐந்து பந்து கொடு" என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விரல் விட்டு எண்ணும் பழக்கத்தை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். விரல்கள் எப்போதும் கூடவே இருப்பவை, வரிசையாக நிற்பவை, ஐந்தும் பத்துமாக அமைந்தவை. அவற்றின் தேவை தீர்ந்ததும் குழந்தை தானே விட்டுவிடும். எண்ணிக் காட்டுவதோடு, மூன்று விரல்களை ஒரே நேரத்தில் 'சட்'டென்று நீட்டவும் பழக்குங்கள்.

கேள்வி: வீட்டில் தமிழ், மழலையர் பள்ளியில் ஆங்கிலம். இரண்டிலும் எண்ணினால் குழந்தை குழம்பிவிடாதா?

குழம்பாது. ஆனால் ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: 'மூன்று' தமிழில் தெரிந்துவிட்டது என்பதால் அதற்குரிய ஆங்கிலச் சொல்லும் தெரிந்துவிட்டதாக ஆகாது. இரு மொழி பேசும் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் பொருளை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகக் குழந்தை கற்க வேண்டியிருப்பதையும், எண்ணித் தொகை காணும் நெறி மட்டும் ஒரு மொழியில் விளங்கிவிட்டால் மற்றதிலும் கைகொடுப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் நீங்கள் இயல்பாகப் பேசும் மொழியிலேயே நிறையப் பேசுங்கள். 'ஒண்ணு, ரெண்டு' என்ற பேச்சு வழக்கே போதும். ஒரே எண்ணுதலுக்குள் இரு மொழிகளைக் கலக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: இரண்டு வரிசைகளிலும் ஆறு காசுகள். ஒரு வரிசையை அகலப் பரப்பியதும், அதில்தான் அதிகம் என்கிறான் ஐந்து வயது மகன். எண்ணத் தெரிந்தும் ஏன் இப்படி?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே புகழ்பெறச் செய்த சோதனை இது. வரிசையின் நீளம் கண்ணை இழுக்கிறது. எண்ணிக்கை அதற்குத் தோற்றுவிடுகிறது. ஆறு, ஏழு வயதுவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். "தவறு" என்று திருத்துவதைவிட, ஒவ்வொரு காசுக்கும் எதிரே அதன் இணையை வைக்கச் சொல்லி, மிச்சம் இருக்கிறதா என்று அவனையே பார்க்க விடுங்கள்.

கேள்வி: இலக்கங்களைத் திருப்பி எழுதுகிறாள். 3இன் திறந்த பக்கம் வலப்புறம் இருக்கிறது.

ஏழு வயதுவரை இது மிகப் பொதுவானது; எண் அறிவோடு தொடர்பற்றது. அளவு விளங்கிய பிறகு எழுத்து வரட்டும்.

கேள்வி: வீட்டில் விளையாடக்கூடிய ஒரு விளையாட்டைச் சொல்லுங்களேன்.

ஒரு நீண்ட அட்டையில் ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள் வரைந்து, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். 1 அல்லது 2 மட்டும் விழும்படி ஒரு சுழல்முள்ளோ, இரண்டு சீட்டுகளோ வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் காயை நகர்த்த வேண்டும். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த மழலையர்கள் இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் மணி நேரம் இதை விளையாடினார்கள். அவர்களது எண்ணும் திறனும், எது பெரிய எண் என்று அறியும் திறனும் மேம்பட்டன. ஒன்பது வாரங்களுக்குப் பிறகும் அந்த மேம்பாடு நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் இருந்த அட்டையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

விளையாட்டின் உயிர் ஒரு சிறு விதியில் இருக்கிறது. காய் 5இல் நிற்கும்போது 2 விழுந்தால், குழந்தை "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகரக்கூடாது. கட்டங்களில் உள்ள எண்களைப் படித்து, "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர வேண்டும். பின்னாளில் கூட்டலுக்குத் தேவைப்படும், விட்ட இடத்திலிருந்து மேலே எண்ணும் பழக்கம் இதில்தான் முளைக்கிறது.

கேள்வி: எப்போது கவலைப்பட வேண்டும்?

மூன்று, நான்கு வயதில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிகுதி. உறவினர் பிள்ளையோடு ஒப்பிடுவதால் எதுவும் தெரியாது. ஐந்து வயது நிரம்பி, தொடர்ந்து பழக்கிய பிறகும் இரண்டு, மூன்று பொருள்களை எண்ணித் தர இயலவில்லை என்றால், குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். செவித்திறன், பார்வை, பேச்சு வளர்ச்சி ஆகியவற்றை முதலில் பரிசோதிக்க வேண்டும். கேட்பதில் உள்ள குறைபாடு எண் தெரியாததுபோலத் தோன்றுவது உண்டு. கற்றல் குறைபாடு என்ற முடிவுக்கு இந்த வயதில் நீங்களாக வர வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது, குழந்தை எந்த எண்ணைக் கேட்டால் சரியாகத் தருகிறது, எதில் தடுமாறுகிறது, எண்ணும்போது எந்த எண்ணைத் தவறவிடுகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்து எடுத்துச் செல்லுங்கள்.